ஜெயித்த காசு கைக்கு வருமா?

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் கொழுந்தன் வந்தான். வழக்கமாக வந்ததும் டிவி முன்னால் உட்காருகிறவன், அன்றைக்கு நேரே அடுப்படிக்கு வந்து நின்றான். "அண்ணி, எனக்கு 18,000 ராண்ட் விழுந்திருக்கு, ஆனா எடுக்க முடியல" என்று போனை நீட்டினான். ராண்ட் என்பது இங்கத்துப் பணம். அது ஒரு ஆன்லைன் காசினோ தளம், திரையில் 18,240 என்று பச்சை எழுத்தில் தொகை இருந்தது. முதலில் அடையாள அட்டை கேட்டார்களாம், கொடுத்தான். அப்புறம் கரண்ட் பில் கேட்டார்கள், அதையும் கொடுத்தான். அதற்கப்புறம் சரிபார்ப்புக் கட்டணம் என்று 900 ராண்டுக்குக் கடையில் வவுச்சர் வாங்கி எண்ணை அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவிட்டான். இப்போது வரி என்று இன்னொரு தொகை கேட்கிறார்கள். கட்டலாமா என்று கேட்கத்தான் என்னிடம் வந்திருக்கிறான், நான் ஒரு கம்பெனியில் கணக்கு பார்ப்பவள் என்பதால்.

கட்டாதே என்றேன். ஜெயித்த பணத்தை வாங்க முதலில் நீ பணம் கட்டு என்று ஒழுங்கான இடம் எதுவும் கேட்காது. இரண்டு நாளில் அவன் கணக்கையே மூடிவிட்டார்கள். அந்தத் தளத்தின் பெயர் இங்கே வேண்டாம், இந்த மாதிரி நூறு இருக்கிறது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் இரவில் உட்கார்ந்து இந்தத் தளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டர்பனில் எங்கள் சொந்தத்தில் மட்டும் ஆறேழு பேர் விளையாடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எது நல்ல தளம் என்று கேட்டால் எல்லோரும் போனஸைத்தான் சொல்கிறார்கள். இங்கே 1,000 தருகிறான், அங்கே 50 இலவச ஸ்பின் தருகிறான் என்று. பணம் எப்படி வெளியே வருகிறது என்பதை யாருமே சொல்வதில்லை. நான் பார்த்தவரையில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

சட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இங்கே பலருக்கு இது தெரியாது. தென்னாப்பிரிக்காவில் 2004ஆம் ஆண்டின் தேசிய சூதாட்டச் சட்டப்படி ஆன்லைன் காசினோ நடத்த அனுமதி கிடையாது. 2008இல் அதை அனுமதிக்க ஒரு திருத்தம் நிறைவேறியது, ஆனால் அது நடைமுறைக்கு வரவே இல்லை. சர்வர் வெளிநாட்டில்தானே இருக்கிறது என்ற சாக்கும் செல்லாது. பக்கத்து நாடான அன்றைய ஸ்வாசிலாந்திலிருந்து இணையக் காசினோ நடத்திய ஒரு நிறுவனத்தின் வழக்கில், ஆடுகிறவர் எங்கே உட்கார்ந்து ஆடுகிறாரோ அங்கேதான் சூதாட்டம் நடக்கிறது என்று 2011இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதைவிட முக்கியமானது அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. சட்டவிரோதமாக ஆடி ஜெயித்த பணத்தை ஆடியவருக்கே கொடுக்கக்கூடாது, அது சூதாட்ட வாரியத்துக்குப் போக வேண்டும், நீதிமன்றம் உத்தரவிட்டால் அரசாங்கத்துக்கே போய்விடும். அதாவது அந்தத் தளம் யோக்கியமாக நடந்து 18,240 ராண்டை அனுப்பியிருந்தாலும் அந்தப் பணம் கொழுந்தனுடையது என்று சொல்ல முடியாது. இதைச் சொன்னபோது அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

அப்படியானால் டிவியிலும் கிரிக்கெட் மைதானத்திலும் விளம்பரம் செய்கிறவர்கள் யார்? அவர்கள் புக்மேக்கர்கள், மாகாண வாரியத்திடம் பந்தய உரிமம் வாங்கியவர்கள். மேற்கு கேப் வாரியம், ம்புமலாங்கா வாரியம், நம் குவாசூலு-நட்டால் என்று உரிமம் எங்கே வாங்கினார்கள் என்பது தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். குதிரைப் பந்தயமும் விளையாட்டும்தான் அவர்களின் அடிப்படைத் தொழில், ஆனால் அதே கூரைக்குள் ஏவியேட்டர் (விமானம் ஏற ஏற மடங்கு கூடும், அது மறைவதற்குள் பணத்தை எடுக்க வேண்டும்), பொத்தானை அழுத்திப் படங்களைச் சுழற்றும் ஸ்லாட், எண்கள் உள்ள சக்கரத்தில் பந்து உருட்டும் ரூலெட் எல்லாமே வந்துவிட்டன. அது சரியா தவறா என்ற வாதம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்மைப் பொறுத்தவரை தகராறு வந்தால் போய்ப் புகார் கொடுக்க ஒரு வாரியம் இருக்கிறது, கதவு தட்ட ஒரு அலுவலகம் இருக்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் அது இல்லை. உரிம எண்ணைத் தளத்தில் பார்த்ததோடு விடாமல், வாரியத்தின் இணையப்பக்கத்துக்கே போய் அந்த நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போலித் தளங்கள் மற்றவர்களின் எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்கின்றன.

இன்னொரு வகையும் உண்டு, தங்க நாணயம் ஒன்று, பரிசாக மாற்றக்கூடிய நாணயம் ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்து நடக்கும் ஸ்வீப்ஸ்டேக்ஸ் தளங்கள். இவை அமெரிக்கச் சட்டங்களுக்கு ஏற்ப அமைந்தவை, அங்கேயே கலிபோர்னியா 2026 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. டர்பனில் உட்கார்ந்து அதில் நாணயம் வாங்குவதற்கு முன்னால் விதிமுறைகளில் எந்த நாட்டில் இருப்பவர்களுக்குப் பரிசு தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

இனி போனஸ். 1,000 ராண்ட் போட்டால் 1,000 ராண்ட் போனஸ், ஆனால் அதை வெளியே எடுக்க போனஸைப் போல 30 மடங்கு ஆட வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். 30 மடங்கு என்றால் 30,000 ராண்டுக்குப் பந்தயம் கட்ட வேண்டும். நூறு ராண்ட் போட்டால் சராசரியாக 96 திரும்பி வரும் ஸ்லாட்டில் ஆடினால் ஒவ்வொரு நூறுக்கும் 4 போகும், 30,000க்கு 1,200 போகும். போனஸ் 1,000, அதை எடுப்பதற்குள் கணக்குப்படி போவது 1,200. சில தளங்களில் அந்த 30 மடங்கு போனஸுக்கு மட்டும் இல்லை, நாம் போட்ட பணத்துக்கும் சேர்த்து, அப்போது அது 60,000 ஆகிவிடும். ரூலெட்டில் ஆடினால் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும் என்று இன்னொரு வரியும் எங்கேயாவது இருக்கும். எனக்கு இந்த ஒரு கணக்கே போதுமானதாக இருந்தது. போனஸ் வேண்டாம் என்று தேர்வு செய்ய வழி இருக்கும் தளத்தை நான் ஒரு படி மேலே வைத்தேன்.

அடுத்தது வேகம். ஒரு பூஜ்யம் இருக்கும் ரூலெட்டில் நடத்துகிறவருக்குப் போகும் பங்கு 2.7 சதவீதம், இரண்டு பூஜ்யம் இருந்தால் 5.26. ஏவியேட்டரில் 3 சதவீதம், இரண்டு மடங்கு வரும்வரை காத்திருந்தால் கிடைக்க வாய்ப்பு நூற்றுக்கு 48.5. பார்த்தால் எல்லாம் சின்ன எண்கள். கடற்கரையில் இருக்கும் சன்கோஸ்ட் காசினோ போன்ற இடத்தில் மேசைக்கு முன்னால் நின்று ஒரு மணிக்கு 40 சுற்று, சுற்றுக்கு 20 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். 800 ராண்ட் சுற்றி வருகிறது, சராசரியாக 21 ராண்ட் 60 சென்ட் போகும். அதையே போனில் 5 ராண்ட் ஸ்லாட்டாக ஆறு வினாடிக்கு ஒன்று என்று அழுத்தினால் ஒரு மணியில் 600 தடவை, 3,000 ராண்ட், 4 சதவீதத்தில் 120 ராண்ட் போகும். பந்தயம் சின்னது, ஆனால் இழப்பு ஐந்து மடங்குக்கும் மேல். இது படுக்கையில் படுத்தபடி, இரவு இரண்டு மணிக்கு, யாருக்கும் தெரியாமல் நடக்கிறது.

என் மாமனார் சொல்வார், அந்தக் காலத்தில் ஃபாஃபி என்று 36 எண்கள் வைத்து ஆடுவார்களாம், ஆயாக்கள் கனவில் என்ன கண்டார்களோ அதற்கு ஒரு எண் உண்டாம். அப்புறம் 1981இல் டர்பனுக்குத் தெற்கே அன்றைய டிரான்ஸ்கைப் பக்கம் வைல்ட் கோஸ்ட் காசினோ திறந்த பிறகு டர்பனிலிருந்து பஸ் ஏறிப் போனார்கள். பஸ் ஏற வேண்டும், திரும்பி வர வேண்டும், கையில் இருக்கும் காசு தீர்ந்தால் தீர்ந்ததுதான். அந்தத் தடைகள் எல்லாம் மனிதனைக் கொஞ்சமாவது காப்பாற்றின என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

கடைசியாக, உரிமம் உள்ள இரண்டு தளங்களில் தலா 200 ராண்ட் போட்டு, 20 ராண்ட் ஆடிவிட்டு மீதியை எடுக்க முயன்றேன். இரண்டுமே அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்டன, பணமோசடியைத் தடுக்கும் ஃபைக்கா சட்டப்படி அது வழக்கம்தான், கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஒன்றில் அடுத்த நாளே வங்கிக்கு வந்தது. இன்னொன்றில் நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் 'எடுப்பதை ரத்து செய்து தொடர்ந்து ஆடு' என்ற பொத்தான் திரையிலேயே இருந்தது, அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. எடுக்கக் கேட்ட பணத்தை மறுபடியும் ஆட விடாமல் பூட்டி வைக்கும் தளம் எது என்று பாருங்கள், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று நாமே வரம்பு வைக்க முடியுமா என்று பாருங்கள். இந்த இரண்டும் இருந்தால் அதை நான் மற்றதைவிட மேல் என்பேன், பரிசு எவ்வளவு என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

கைமீறிப் போய்விட்டது என்று தோன்றினால் 0800 006 008க்கு அழையுங்கள், இலவச எண். என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே விலக்கப்பட்டோர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்ய அந்தத் தேசிய சூதாட்டச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் வழி இருக்கிறது, குடும்பத்தில் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போயும் அந்த உத்தரவை வாங்கலாம். கொழுந்தன் ஜனவரியில் அவனாகவே பதிவு செய்தான், படிவத்தை என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் நிரப்பினான்.

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் யாராவது ஒரு தளத்தின் உரிமத்தைச் சரிபார்க்கத் தெரியாமல் இருந்தால் பெயரை மட்டும் எனக்கு அனுப்புங்கள். பணம் போடுவதற்கு முன்னால் அனுப்புங்கள், அன்றிரவே பார்த்துச் சொல்கிறேன்.