ஓரியூர் செம்மண்ணில் என் மகனின் பாதம்

அம்மாவின் நேர்ச்சை ஒன்றரை வருடமாகப் பாக்கி நின்றது. போன புதன்கிழமைதான் ஓரியூர் போய்ச் செலுத்த முடிந்தது. "அருளானந்தர் உயிரைக் கொடுத்தது புதன்கிழமை. வேற நாள் எனக்கு வேண்டாம்" என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். போர்ச்சுகலிலிருந்து வந்து இங்கே மறைபரப்பிய புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அவர். 1693 பிப்ரவரி 4, தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் அன்றுதான் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில், பாம்பாற்றங்கரையில் அவரை வெட்டினார்கள்.

என் மகன் 29 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,150 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கும்போது மூச்சுவிடவே மறந்துபோவான். கருவி அலறும். நர்ஸ் ஓடிவந்து அவன் உள்ளங்காலை விரலால் சுண்டுவார். ஒரு நொடி, இரண்டு நொடி. அப்புறம் அந்தச் சின்ன மார்பு ஏறி இறங்கும். நான் வராந்தாவில் ஜெபமாலையோடு உட்கார்ந்து, "ஆண்டவரே, உமது சித்தம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் கேட்கப் பயம். கேட்டுக் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன்?

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒலிவத் தோட்டத்துல இயேசு சாமியே, இந்தக் கிண்ணம் என்னைவிட்டுப் போகட்டும்னு முதல்ல கேட்டாரு. அப்புறம்தான் உம் விருப்பப்படி ஆகட்டும்னு சொன்னாரு. நீ இன்னும் கேட்கவே இல்லையேடா. புள்ளைக்கு மூச்சு வேணும்னு வாயைத் திறந்து கேளு."

அன்று ராத்திரி கேட்டேன். மூச்சு கொடும் சாமி, மூச்சு கொடும். வேறு வார்த்தை வரவில்லை. முதல் முடியை ஓரியூரில் எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். 41-ஆம் நாள் அவனை வீட்டுக்குத் தூக்கிவந்தோம். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரும் அருளானந்தருடையதுதான்.

மதுரை, தேவகோட்டை, திருவாடானை என்று பஸ் மாறி மாறிப் போனோம். திருவாடானையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றோம். ஆட்டோக்காரர் ஒருவர், கைக்குழந்தையைப் பார்த்ததுமே கட்டணத்தை இரண்டு மடங்காகச் சொன்னார். கோயில் வாசலில் மெழுகுவத்தியும் மாலையுமாக நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு, வேண்டாம் என்றாலும் கையில் திணித்தார்கள். மண்டியிட வந்த இடத்தில் இப்படி வழிமறிப்பது மனதை நோகச் செய்கிறது. உள்ளேயும் தள்ளுமுள்ளுதான். பீடத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுப்பவர்கள் நகர்ந்தால்தானே பின்னால் இருப்பவர்கள் ஜெபிக்க முடியும்?

சரி, அதெல்லாம் மொட்டை போட்டு முடியும் வரைதான். சந்தனம் பூசிய தலையோடு பிள்ளையைச் செம்மண்ணில் இறக்கியதும் எல்லாம் மறந்துபோனது.

அந்த மண்ணின் நிறத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவன் இரண்டு கையாலும் அள்ளினான். ஈரச் சந்தனத்தில் பொடி மணல் ஒட்டி, உச்சந்தலை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். அம்மா மண்டியிட்டு, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோல் பேச ஆரம்பித்தார்: "ஐயா, லிஸ்பன்ல சின்னப் புள்ளையா நோயில கிடந்தப்ப உம்ம அம்மா உமக்காக சவேரியார்கிட்ட கேட்டாங்க. பிழைச்சா ஒரு வருஷம் சேசு சபைத் துறவி உடுப்பு போட்டுவிடுறேன்னு நேர்ந்துக்கிட்டாங்க. நீரும் பிழைச்சீர். தாய் கேட்கிறது எப்படின்னு உமக்குத் தெரியும். அதான் உம்மகிட்ட வந்தேன்."

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது.

பிள்ளை இன்னும் நடக்கவில்லை. பிடித்துக்கொண்டு நிற்பான், கையை எடுத்தால் உட்கார்ந்துவிடுவான். குறைமாதப் பிள்ளைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி நான் ஜெபிக்கவே இல்லை. பிள்ளைக்கு உயிரையே கொடுத்த ஆண்டவரிடம் இன்னும் கேட்டு நிற்க எந்த முகத்தோடு போவது என்று இருந்தேன். அதை அம்மாவிடம் சொன்னேன். "பரலோக மந்திரத்துல என்ன சொல்றோம்? எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும். இன்னைக்குச் சாப்பிட்டுட்டு நாளைக்கும்தானே கேட்கிறோம்? அப்பாகிட்ட கேட்க என்னடா வெட்கம்?"

இத்தனை வருடம் அந்த ஜெபத்தைச் சொல்லியிருக்கிறேன். 'இன்று' என்ற சொல் அதில் இருப்பது அந்த மண்ணில்தான் காதில் விழுந்தது.

அவனைத் தூக்கி நிறுத்தி, இரண்டு உள்ளங்காலும் படும்படி மண்ணில் அழுத்தி வைத்தேன். நர்ஸ் சுண்டிச் சுண்டிச் சிவந்து கிடந்த அதே பாதம். மூச்சுக்காக நன்றி சாமி. இந்தக் கால் நடக்கணும். கேட்டுவிட்டேன். ஆண்டவரே, நீர் நல்லவர். என் வாயைத் திறந்து கேட்க வைத்த என் அம்மாவுக்காகவும் நன்றி. விடிய விடிய என் பிள்ளைக்குக் காவல் இருந்த அந்த நர்ஸ் அக்காவுக்காகவும் நன்றி. அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

ஒரு கைப்பிடி செம்மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துவந்தோம். மாதா படத்துக்குக் கீழே இருக்கிறது. தினமும் குடும்ப ஜெபம் முடிந்ததும் அம்மா ஒரு சிட்டிகை எடுத்து, மடியில் கிடக்கும் பேரனின் உள்ளங்காலில் சிலுவை போடுகிறார். அவன் கூச்சம் தாங்காமல் காலை உதறிக்கொண்டு சிரிக்கிறான்.