பட்டறைக்குள் நகரும் சாணை மேசை

மதுரை அவனியாபுரத்தை அடுத்து இருக்கும் எங்கள் சிறிய மரப்பட்டறையில், உளியும் இழைப்புளியும் ஏன் இவ்வளவு சீக்கிரம் மழுங்குகின்றன என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தேக்கில் இயல்பாகவே இருக்கும் சிலிக்கா உளியின் வாயைத் தின்றுவிடும். பிளைவுட்டின் பசை அதைவிடக் கடுமையானது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் நிலைகளிலும் கதவுகளிலும் ஆணி முறிந்து உள்ளே கிடக்கும். எல்லாம் உண்மைதான் என்றாலும், எங்கள் பட்டறையில் முதல் காரணம் தூரம் என்பதே என் முடிவு. சாணை மிஷின் பின்கட்டிலும், எண்ணெய்க்கல் சன்னல் திண்டிலும், தண்ணீர் வாசலிலும் கிடந்தால், மழுங்கிய உளியை இன்னும் கொஞ்சம் ஓங்கி அடித்து வேலையை முடித்துவிடத்தான் யாருக்கும் தோன்றும். அப்படி ஓங்கி அடிக்கும்போதுதான் உளி வழுக்கிக் கையைப் பதம் பார்க்கிறது. பட்டறையின் மூத்த ஆசாரி இதை ஒரே வரியில் சொன்னார்: “எந்திரிச்சுப் போயித் தீட்டிட்டு வர்றதுக்குள்ள கைக்கு வேலை மறந்துபோயிரும் தம்பி.”

ஆகவே, தீட்டுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே மேசையில் சேர்த்து, வேலை நடக்கும் இடத்துக்கே தள்ளிக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தோம். இதில் அடிப்படையான முரண் ஒன்று உண்டு. நகர வேண்டுமானால் சக்கரம் வேண்டும். தீட்ட வேண்டுமானால் மேசை துளியும் அசையக் கூடாது. பிரேக் வைத்த சிறு சக்கரங்கள் கடையில் கிடைக்கின்றன, ஆனால் பிரேக் போட்ட பிறகும் அவற்றில் ஒரு தளர்ச்சி இருக்கும். கல்லில் உளியை அழுத்தித் தள்ளும்போது அது கையில் தெரியும். இதற்கு விடை மதுரைத் தெருக்களிலேயே இருந்தது. சைக்கிளில் வந்து கத்தியும் அரிவாள்மனையும் சாணை பிடிப்பவர், வேலையைத் தொடங்கும் முன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுகிறார். அதன் பிறகு பின்சக்கரம் தரையைத் தொடுவதில்லை. எங்கள் மேசையும் அப்படியே அமைந்தது. இரும்புக் கோணச் சட்டத்தில் மூன்று கால்கள். ஒரு பக்கத்து இரண்டு கால்களை ஒட்டி, தரையிலிருந்து விரற்கடை உயரத்தில் நிற்கும் இரண்டு சக்கரங்கள். எதிர்ப்பக்கம் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் தூக்கினால் மட்டுமே சக்கரம் தரையில் பதியும், இறக்கிவிட்டால் பாரம் முழுவதும் கால்களுக்குப் போய்விடும். சிமெண்டுத் தரை பெயர்ந்து மேடும் பள்ளமுமாக இருக்கும் பட்டறையில் மூன்று கால் ஆடுவதே இல்லை. ஆனால் மூன்று காலுக்குச் சாயும் குணம் உண்டு என்பதால், அடித்தட்டில் கனமான கருங்கல் பலகை ஒன்றைப் பதித்தோம். மேலூர்ப் பக்கம் கிரானைட் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை.

மேல்தட்டின் ஒரு முனையில் ஆறு அங்குலச் சக்கரம் உள்ள சாணை மிஷின் இருக்கிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 முறை சுழலும் இந்தச் சக்கரம், கவனம் தவறினால் எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். முனையில் வைக்கோல் நிறம் ஏறி நீலம் பாய்ந்துவிட்டால், அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். அங்கே கூர் இனி நிற்காது. அதனால் தண்ணீர்க் குவளைக்கு மிஷினுக்குப் பக்கத்திலேயே வளையம் வைத்தோம். தீப்பொறி பறக்கும் வேலையை இழைப்புச் சுருளுக்கும் மரத்தூளுக்கும் நடுவில் செய்யக் கூடாது. மேசையை வெளித் திண்ணைக்குத் தள்ளிவிட முடிகிறது என்பதே, இது நகர்வதால் கிடைத்த பெரிய பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

மறுமுனை தீட்டும் பக்கம். இடையில் ஒரு தகரத் தடுப்பு இருக்கிறது. சாணையிலிருந்து தெறிக்கும் கரட்டுத் துகள் ஒன்று நயமான கல்லில் விழுந்தால்கூட, அது உளி வாயில் கோடு கிழித்துவிடும். இங்கே கார்பரண்டம் கல், நயமான கல், பாலிஷ் பூசிய தோல் பட்டை ஆகியவை வரிசையாக இருக்கும். கல் குழிந்துவிட்டால் நேராக்க, மட்டமான கிரானைட் துண்டின் மேல் ஒட்டிய நீர்ப்புகா உப்புத்தாளும் உண்டு. சாணையில் 25 டிகிரி சாய்வு, கல்லில் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கல்லில் தேய வேண்டியது முனையின் மெல்லிய ஓரம் மட்டுமே. அந்தக் கோணத்துக்கு வெட்டிய வேங்கைக் கட்டை ஒன்று மேசையிலேயே தொங்குகிறது.

நான் அதிக நேரம் யோசித்தது உயரத்தைப் பற்றித்தான். இளையவர்கள் நின்று தீட்டுவார்கள். அவர்களுக்கு இடுப்பு உயரம் சரி, உடம்பின் பாரத்தைக் கல்லின் மேல் இறக்கலாம். ஆசாரியோ தரையில் சம்மணமிட்டு, மரத்தைக் காலால் பிடித்தபடி உளி பிடிப்பவர்; தீட்டுவதும் தரையில்தான். மேசைக்காக அவரை எழுந்து நிற்கச் சொல்வது முறையல்ல. ஆகவே கற்கள் பதிந்த தட்டைத் தனியாக உருவி எடுக்கும்படி செய்து, அதன் அடியில் பழைய டயர் ரப்பரை ஒட்டினோம். இப்போது மேசை அவர் பக்கத்தில் போய் நிற்கும்; அவர் தட்டை உருவித் தரையில் வைத்து, கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, உளியின் சாய்வைப் படிய வைத்துத் தேய்ப்பார். பிறகு உளியைத் திருப்பி, தட்டையான முதுகில் பெருவிரலை முனைக்கு வெளிப்புறமாக வழித்துப் பார்ப்பார். பிசிர், அதாவது தேய்க்கும்போது கூரின் மறுபக்கம் மடியும் மெல்லிய எஃகு இழை, ஓரம் முழுவதும் ஒரே சீராகத் தட்டினால்தான் அடுத்த கல்லுக்குப் போவார். நடுவில் ஓர் இடம் தட்டாவிட்டால் கூர் இன்னும் அங்கே எட்டவில்லை என்று திரும்பத் தேய்ப்பார். கடைசியில் தோல் பட்டையில் பின்னோக்கி இழுத்துப் பிசிரை உதிர்ப்பார்.

மேசை வந்த பிறகு சாணை மிஷினின் ஓசை குறைந்துவிட்டது. அவ்வப்போது கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிடுவதால், முனை உடைந்தாலொழிய உளி சக்கரத்துக்குப் போவதில்லை. எஃகு வீணாகத் தேய்வதும் நின்றது. வட்ட ரம்பத்தின் மிகக் கடினமான கார்பைடு பற்களுக்கு வைரத் துகள் பதித்த சாணைச் சக்கரம் வேண்டும் என்பதால், அவை இன்றும் வெளியே போய்த்தான் வருகின்றன. ஆனால் கைவாளை, அதாவது கையால் அறுக்கும் ரம்பத்தை, நாங்களே தீட்டலாம். முக்கோண அரத்தை ஓட்டும்போது வாளின் பற்கள் அதிராமல் பிடித்துக்கொள்ள நீளமான மரக்கவ்வி ஒன்று வேண்டும். அதை மேசையின் கைப்பிடிப் பக்கத்தில் பொருத்த வாகைப் பலகை அறுத்து வைத்திருக்கிறோம்.