டிஷ்வாஷரில் வடிகால் பம்ப் மாற்றியது: கோலாலம்பூர் செந்தூல் நாட்குறிப்பு

25 அக்டோபர் 2025, சனி

கழுவி முடிந்து கதவைத் திறந்தால் அடியில் நான்கு விரற்கடை அழுக்குத் தண்ணீர். திரையில் வடிகால் கோளாறுக்கான குறியீடு. தண்ணீரை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் இயந்திரத்தின் அடியிலிருந்து ஒரு முனகல் மட்டும் வருகிறது, பிறகு அதுவும் நிற்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்புக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது காயில் (பம்ப் மோட்டாரின் கம்பிச்சுருள்) அறுந்துவிட்டது. முனகினால் மின்சாரம் போகிறது, பம்ப் சுற்றத்தான் முடியவில்லை. பம்ப் நன்றாகச் சுற்றும் சத்தம் கேட்டும் தண்ணீர் இறங்காவிட்டால் குழாயில் அடைப்பு. இங்கே முனகல்.

பிளக்கைப் பிடுங்கியாயிற்று. சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு உள்ளே கை வைக்கவே கூடாது. சிங்க்கின் கீழுள்ள தண்ணீர் வால்வையும் மூடியாயிற்று. தண்ணீரைச் சிறு குவளையால் மொண்டு, மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தபோது ஏறக்குறைய 3 லிட்டர்.

நடுவிலுள்ள வட்ட ஃபில்டரைத் திருப்பினால் பூட்டு விடுபடும். ஆனால் இது திருப்புவதற்கு முன்பே ஆடியது. யாரோ கழுவிவிட்டு 'டக்' என்று பூட்டும் வரை திருப்பாமல் விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கு வழியாக எல்லாம் கீழே இறங்கியிருக்கிறது: கடுகு, கறிவேப்பிலை ஈர்க்கு, சம்பல் நெத்திலியின் தலைகள், சோற்றுப் பருக்கை. நம் சமையலில் ஃபில்டர் பூட்டாமல் இருப்பதுதான் பம்புக்கு முதல் எதிரி.

கடைசியாக, சிங்க்கின் கீழிருந்து வடிகால் குழாயைப் பிடுங்கி வாளியில் விட்டு, இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி, பிளக்கைத் திரும்பப் போட்டு, தண்ணீரை வெளியேற்றும் ஓட்டத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தது. வாளியில் ஒரு சொட்டு இல்லை. ஆக, சிங்க்கின் வடிகாலைக் குறை சொல்ல முடியாது.

26 அக்டோபர், ஞாயிறு

ஃபில்டரை எடுத்த பள்ளத்தின் ஓரத்தில் சிறிய பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கிறது. கரண்டிக் காம்பை அடியில் கொடுத்து நெம்பினால் வந்துவிடும். அதற்குப் பின்னால்தான் வடிகால் பம்பின் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரம். வெறும் கையை விடக் கூடாது, அங்கே பெரும்பாலும் மாட்டிக்கொள்வது உடைந்த கண்ணாடிதான். இங்கேயும் அதுதான்: சுண்டுவிரல் நகம் அளவு கண்ணாடிச் சில்லு, கூடவே ஒரு கிராம்பு. குறடால் எடுத்தாயிற்று.

எடுத்ததும் பம்ப் ஓடியது, வாளி நிறைந்தது. பலரும் இங்கேயே மூடிவிடுவார்கள். இரண்டாவது கழுவலில் மறுபடியும் முனகல்.

இம்பெல்லரை விரலால் (கையுறையோடு) சுற்றிப் பார்த்தால் விஷயம் தெரிகிறது. இந்த வகை பம்பில் ரோட்டர் (மோட்டாரின் சுழலும் பகுதி) ஒரு நிரந்தரக் காந்தம். அதனால் நல்ல பம்ப் கூடச் சீராகச் சுற்றாது, காந்தம் விட்டுவிட்டுப் பிடிக்கும். அது கோளாறு இல்லை. இம்பெல்லருக்கும் ரோட்டருக்கும் நடுவே கொஞ்சம் தளர்வும் இருக்கும். அதுவும் வேண்டுமென்றே வைத்தது. நின்ற இடத்தில் தண்ணீரின் எடையைத் தள்ளிக் கிளம்ப இந்த மோட்டாருக்கு வலு போதாது. ரோட்டர் முதலில் வெறுமனே சிறிது சுற்றி, அந்த வேகத்தில் இம்பெல்லரை அடித்துக் கிளப்புகிறது. இம்பெல்லர் பிடிப்பே இல்லாமல் முழு வட்டம் வழுக்கிச் சுற்றினால்தான் உள்ளே உடைந்துவிட்டது என்று பொருள்.

இங்கே தளர்வு சரியாக இருக்கிறது. ஆனால் ஒரு இறக்கையின் நுனி போய்விட்டது. தண்டு பக்கவாட்டில் ஆடுகிறது. ஒரே இடத்தில் 'கரகர' என்று உரசுகிறது. சில்லு மாட்டியிருந்த நாட்களில் ஒவ்வொரு கழுவலிலும் பம்ப் நின்ற இடத்தில் முனகிச் சூடேறி, தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது.

மல்டிமீட்டரில் காயில் 165 ஓம். இந்த 30 வாட் பம்புகளில் 150 முதல் 200 ஓம் வரை வழக்கம், அதாவது காயில் நலம். இதனால்தான் ஓம் சரியாக இருக்கிறது, பம்ப் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. மீட்டர் கம்பியை மட்டும் பார்க்கிறது. தண்டின் ஆட்டம் விரலுக்குத்தான் தெரியும். இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: பம்ப் சூடாக இருக்கும்போது அளந்தால் உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு திறந்து, காயில் அறுந்ததுபோல் காட்டும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு அளக்க வேண்டும்.

பம்ப் மாற்ற வேண்டியதுதான்.

28 அக்டோபர், செவ்வாய்

சாமான் தேடும் நாள். கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் முழு மாடல் எண் இருக்கிறது. கடையில் வாங்கியபோது சொன்ன பெயர் போதாது. ஒரே பெயரில் நாலைந்து பதிப்புகள் வரும், கடைசி இரண்டு எழுத்தில்தான் வித்தியாசம். மாடல் எண்ணோடு, பழைய பம்பின் உடம்பில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் சேர்த்துத் தேட வேண்டும். அது அடிப்பக்கம் பார்த்திருந்தால் குனிந்து படிக்க முடியாது. கைப்பேசியைக் கீழே நீட்டிப் படம் எடுத்தால் போதும்.

பொருந்தும் என்று விற்கும் பம்புகளில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது மாட்டும் முறை: திருப்பிப் பூட்டும் வகையா, மூன்று திருகு வகையா. இரண்டாவது மின்முனை: இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்திருக்கின்றனவா, தள்ளித் தள்ளி இருக்கின்றனவா, எந்தத் திசையைப் பார்க்கின்றன. மூன்றாவது மின்னழுத்தம்: 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இணையக் கடைகளில் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பம்பும் அதே படத்தோடு வரும். இது ஒத்தியங்கு மோட்டார் என்பதால் அதன் வேகத்தை முடிவு செய்வதே ஹெர்ட்ஸ்தான்.

பம்பின் வாயில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம் பம்போடு வருகிறதா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வராவிட்டால் தனியாக வாங்க வேண்டும், பழையதைத் திரும்பப் போடக் கூடாது. மல்டிமீட்டர் முனை, ஸ்பேட் டெர்மினல் (வயர் நுனியில் மாட்டும் தட்டை இணைப்பு) போன்றவற்றுக்குப் புடு, ஜாலான் பாசார் கடைகள் போதும். பம்ப் அங்கே கிடைக்கும் என்று நம்பி அலையாமல் எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போகலாம்.

1 நவம்பர், சனி

பம்ப் வந்துவிட்டது. பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் புதியதை மாட்டக் கூடாது. புதிய காயில் 168 ஓம். பழையது 165. மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இரண்டும் ஒன்றுதான்.

அடிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை பஞ்சால் எடுக்க வேண்டும். இயந்திரத்தைச் சாய்க்கும்போது மீதித் தண்ணீர் மின்பலகைப் பக்கம் ஓடினால், ஒரு பம்ப் வாங்கப் போய்ப் பலகையும் வாங்க நேரும். தண்ணீரை மென்மையாக்கும் உப்புத் தொட்டியில் உப்பே போடாவிட்டாலும் அதில் தண்ணீர் நிற்கும், மூடியை இறுக்கிப் பார்க்க வேண்டும். கதவை டேப் போட்டு ஒட்டி, பழைய போர்வை விரித்து, இயந்திரத்தை முதுகுப்புறமாகப் படுக்க வைத்தாயிற்று. இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அடித்தட்டில் நட்சத்திரத் தலை கொண்ட டி20 டோர்க்ஸ் திருகுகள். இதற்குச் சாதாரண ஸ்குரூ டிரைவரைப் போட்டு அழுத்தினால் தலை மழுங்கிவிடும். தட்டைத் தூக்கும்போது அதோடு ஒரு மெல்லிய வயரும் வரும். அது அடியில் கசிவைக் கண்டுபிடிக்கும் மிதவைச் சுவிட்சின் வயர். சட்டென்று இழுக்கக் கூடாது. பிடுங்குவதற்கு முன் வயர்கள் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்தாயிற்று.

பம்பின் பக்கத்தில் ஒரு நாக்கு இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பம்பை இடப்பக்கம் கால் வட்டம் திருப்பினால் வெளியே வரும். வராவிட்டால் முரட்டுத்தனமாக முறுக்காமல், முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டி நெய்ப்பசையை விடுவிக்க வேண்டும். பம்ப் உட்கார்ந்திருந்த குழியை மென்மையான துணியால் துடைத்தால் கறுப்புக் களிம்பு. அதில் நெய்யும் தேங்காய்ப்பாலும் மணக்கின்றன.

புதிய வளையத்தில் சிலிகான் கிரீஸ் மெல்லியதாக, விரல் நுனியில் ஒட்டும் அளவு. வாசலின் வேண்டாம். இந்த வளையங்கள் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர், பெட்ரோலியக் கொழுப்பு பட்டால் ஊதிப்போகும். பம்பை நேராக அழுத்தி, வலப்பக்கம் திருப்பி, நாக்கு பூட்டும் சத்தம் கேட்கும் வரை.

திறந்த கையோடு மற்றவற்றையும் அளந்தாயிற்று. ஹீட்டர் 27 ஓம், 2000 வாட்டுக்குச் சரி. தண்ணீர் வரும் வால்வின் காயில் 3.9 கிலோ ஓம், அதுவும் சரி. வெப்பம் அறியும் என்டிசி 8 கிலோ ஓம் காட்டியது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் இருக்க வேண்டும் என்று அட்டவணையில் படித்துவிட்டு இதைக் கெட்டுப்போனது என்று எறிபவர்கள் உண்டு. வெப்பம் ஏறினால் என்டிசியின் ஓம் குறையும், கோலாலம்பூர்ச் சமையலறை 30 டிகிரி. அந்த வெப்பத்தில் 8 கிலோ ஓம்தான் சரியான அளவு.

நிமிர்த்தி வைத்து ஓட்டிப் பார்த்தால் முனகல் போய்விட்டது, தண்ணீர் இறங்குகிறது.

2 நவம்பர், ஞாயிறு

காலையில் பிளக்கைப் போட்டதும், எந்த ஓட்டமும் தொடங்காமலே வடிகால் பம்ப் ஓடுகிறது. நிற்கவே இல்லை. புதிய பம்ப் கெட்டுவிட்டது என்று தோன்றும், ஆனால் அது தனக்கிட்ட வேலையைத்தான் செய்கிறது. அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் தெர்மக்கோல் மிதவை எழும்பிச் சுவிட்சை அழுத்தும். உடனே இயந்திரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வீடு நனையாமல் இருக்கத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

மறுபடியும் முதுகில் படுக்க வைத்தாயிற்று. தட்டில் ஒரு குவளை தண்ணீர். கசிந்த இடம் பம்பின் வாய். புதிய வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் அரிசிக்குறுணை அளவு பள்ளம். துடைத்த குழியின் விளிம்பில் ஒரே ஒரு கடுகு ஒட்டியிருந்து, வளையத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. கண்ணால் பார்த்துத் துடைத்தது போதவில்லை. அந்த விளிம்பை விரல் நகத்தால் முழு வட்டமும் தடவிப் பார்க்க வேண்டும்.

வளையம் வெட்டுப்படவில்லை, அழுந்தியதுதான், ஆறு மணி நேரத்தில் பழைய உருவத்துக்கு வந்தது. வெட்டு இருந்தால் வேறு வளையம்தான். மறுபடியும் மாட்டி, இந்த முறை தட்டைப் போடுவதற்கு முன்பே உள்ளே 4 லிட்டர் ஊற்றி, அடியில் உலர்ந்த டிஷ்யூ தாள் விரித்து ஒரு மணி நேரம் விட்டது. தாள் நனையவில்லை. மிதவை தானாகக் கீழே இறங்காது என்பதையும் சொல்ல வேண்டும். தட்டைப் பஞ்சால் உலர்த்தினால்தான் இறங்கும்.

8 நவம்பர், சனி

ஒரு வாரமாக நன்றாக ஓடுகிறது. ஆனால் மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் வாளியில் பிடித்து அளந்தபோது 3 லிட்டர் வெளியேற 50 விநாடி ஆகிறது. இந்த அளவு பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டராவது தள்ள வேண்டும், 20 விநாடிக்குள் முடிந்திருக்க வேண்டும். பம்ப் புதியது, ஆக வழியில் இடுக்கம்.

வடிகால் குழாயை இரு முனையிலும் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், வளைவுகளுக்குள் வெண்மஞ்சள் கொழுப்பு சுற்றிலும் படிந்து, துவாரம் பாதிக்கும் கீழே. தீபாவளி வாரத்தின் ஆட்டுக்கொழுப்பும் நெய்யும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகியே இருக்கும், நம் ஊரில் அது குழாயில் உறையாது. நெய்யும் ஆட்டுக்கொழுப்பும் அறைவெப்பத்திலேயே உறையும். சிக்கன ஓட்டத்தின் வெப்பம் அதை முழுதாகக் கரைக்கப் போதாது. பழைய பம்ப் இந்த இடுக்கத்தைத் தள்ளித்தான் ஏற்கெனவே களைத்திருக்கிறது. சில்லு கடைசியாக வந்தது.

60 டிகிரி வெந்நீரில் டிஷ்வாஷர் தூளைக் கரைத்து (இரண்டு மேசைக்கரண்டிக்கு ஒரு லிட்டர்), குழாயில் ஊற்றி, முனைகளை மேலே தூக்கிக் கட்டி அரை மணி நேரம். பிறகு குலுக்கிக் கொட்டுவது. இப்படி மூன்று முறை செய்தபின் தெளிவாக வந்தது. வடிகால் அடைப்புக்கு விற்கும் கடும் காரத் திரவம் இங்கே வேண்டாம். வளைந்த குழாயைக் குலுக்கும்போது தெறித்தால் கண் போய்விடும். பம்ப் வாயில் இருக்கும் சிறிய ரப்பர் நாக்கையும் துடைத்தாயிற்று. அது கொழுப்பில் ஒட்டித் திறந்தே நின்றால், வெளியேறிய அழுக்குத் தண்ணீர் மறுபடியும் உள்ளே வரும்.

மாட்டும்போது குழாயின் ஒரு பகுதி தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டப்பட்டது. 40க்குக் கீழே இருந்தால் தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு வெளியேறிவிடும், ஒரு மீட்டருக்கு மேலே போனால் பம்புக்குச் சுமை.

இப்போது 3 லிட்டருக்கு 17 விநாடி.

15 நவம்பர், சனி

சிறு வேலை ஒன்று. தண்ணீர்த் தடைக்குப் பிறகு இரண்டு நாளாக இயந்திரம் நிறைய வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. வால்வை மூடி, வரும் குழாயின் முக்கால் அங்குல நட்டைக் கழற்றினால் உள்ளே சல்லடை. பழுப்பு மண் அப்பியிருந்தது. பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவியாயிற்று. தடை நீங்கிய நாளில் சிங்க் குழாயைத் திறந்து தண்ணீர் தெளியும் வரை ஓடவிட்டு, அதன் பிறகே டிஷ்வாஷர் வால்வைத் திறக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை, கறிச்சமையல் அன்று, 65 அல்லது 70 டிகிரி ஓட்டம் என்று குறித்து வைத்திருக்கிறது. முன் தட்டின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதியது: பம்ப் எண், 1.11.2025, 168 ஓம், 3 லிட்டர் 17 விநாடி.