ஆக்ஸ்ஃபோர்டில் தனி வழிகாட்டியோடு போப்பையர் கல்லறை வரை

ஆக்ஸ்ஃபோர்டு ரயில் நிலையத்தில் இறங்கியதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "யூனிவர்சிட்டி எங்கே இருக்கு?" பதில் சொல்வது கஷ்டம். சுற்றுச்சுவர், பெரிய வாயில், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், நூலகங்கள், தேர்வுக்கூடங்கள் எல்லாம் ஊர்த் தெருக்களில் கடைகளோடு கடையாகக் கலந்து கிடக்கின்றன. மாணவரைச் சேர்ப்பதும் தங்கவைப்பதும் இரண்டு மூன்று பேராக உட்காரவைத்துப் பாடம் சொல்வதும் கல்லூரியின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. இந்த ஏற்பாடு பிடிபடாதவருக்கு ஊர் முழுக்கப் பூட்டிய மரக்கதவுகளாகத்தான் தெரியும். வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பொதுச் சுற்றில் இருபது பேரோடு சேர்ந்து நடந்தாலும் இந்த விளக்கம் கிடைத்துவிடும். அப்படியானால் தனி வழிகாட்டி எதற்கு? பாதையை நாம் வகுப்பதற்கு. அதைச் செய்யாமல் "நீங்களே பார்த்துக் காட்டுங்கள்" என்று விட்டுவிட்டால் பொதுச் சுற்றின் அதே பாதையில்தான் நடப்பீர்கள், கூடுதல் காசு கொடுத்து. தமிழ் வாசகருக்குப் பாதையை மாற்றிக்கொள்ள வலுவான காரணம் ஒன்று உண்டு. திருக்குறளை 1886-லும் திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு. போப் இந்த ஊரில்தான் அடங்கியிருக்கிறார். பொதுச் சுற்றுகள் அந்தப் பக்கம் போவதில்லை.

இங்கிலாந்தில் வழிகாட்டியாக வேலை பார்க்க உரிமம் தேவையில்லை, யாரும் செய்யலாம். ஆனால் தேர்வெழுதி வாங்கும் பட்டயம் உண்டு. பச்சை பேட்ஜ் ஒரு ஊருக்கானது, நீல பேட்ஜ் பெரிய வட்டாரத்துக்கானது. ஆக்ஸ்ஃபோர்டை மட்டும் பார்ப்பதென்றால் பச்சையே போதும், உள்ளூர் விவரம் அவர்களிடம் அடர்த்தியாகவே இருக்கும். பேட்ஜ் இல்லாதவர்களிலும் நல்லவர்கள் உண்டு. முன்னாள் மாணவர்கள் பலர் செய்கிறார்கள். வாசலில் நின்று ஆள் பிடிப்பவர்களிடம் மட்டும் கவனம் தேவை, கதை நிறைய இருக்கும், ஆண்டு தப்பாக இருக்கும்.

தனிச் சுற்றின் கட்டணம் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று இருக்காது, குழுவுக்கு, மணிக்கணக்கில் இருக்கும். இரண்டு பேருக்கு அது கையைக் கடிக்கும். ஆறேழு பேர் பங்கிட்டால் பொதுச் சுற்றின் சீட்டு விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். கல்லூரி நுழைவுச் சீட்டு இதில் சேர்ந்ததா, சேராவிட்டால் யார் வாங்குவது, வழிகாட்டியின் சீட்டுக்கு யார் பணம் என்ற மூன்றையும் முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரி வாசலில் நின்றுகொண்டு பேசுகிற விஷயமில்லை இது.

முன்பதிவு மின்னஞ்சலில் எத்தனை பேர், அவர்கள் வயது, படியேற முடியாதவர் யார், பார்த்தே ஆகவேண்டிய மூன்று இடங்கள் எவை என்று சொல்லிவிடுங்கள். எது வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஹாரி பாட்டர் படங்களின் மாயப் பள்ளிக்கூடப் படப்பிடிப்பு இடங்கள் வேண்டாம் என்பதைச் சொல்லாவிட்டால் அரை மணி நேரம் அதற்கே போய்விடும். (கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் உணவுக்கூடத்தில் படம் எடுத்ததாகப் பலர் நம்புகிறார்கள். எடுத்தது அதற்கு ஏறும் படிக்கட்டில். கூடத்தைப் பார்த்து ஸ்டுடியோவில் வேறொன்று கட்டிக்கொண்டார்கள்.) ஆங்கிலம் புரியாத பெரியவர்கள் கூட வந்தால் ஒருவர் தமிழில் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கும். அப்போது இரண்டு மணி நேரச் சுற்று மூன்றாக நீளும். மூன்று மணிக்கே பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஐந்து நிமிடம் மொழிபெயர்ப்புக்கு வேண்டும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாட்டியும் தாத்தாவும் கட்டடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வருவார்கள்.

எந்த மாதம், எந்த நாள் என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கல்விப் பருவங்கள் மூன்று: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மைக்கேல்மஸ், ஜனவரி முதல் மார்ச் வரை ஹிலரி, ஏப்ரல் முதல் ஜூன் வரை டிரினிட்டி. ஒவ்வொன்றிலும் பாடம் நடப்பது எட்டு வாரம்தான். வெயில் நன்றாக இருக்கிறதே என்று மே, ஜூனில் போனால் அது தேர்வுக்காலம்; சில கல்லூரிகள் பார்வையாளரை விடுவதில்லை, விடுபவையும் நேரத்தைக் குறுக்கிவிடும். அதற்கு ஈடாக வேறொரு காட்சி கிடைக்கும். கறுப்பு அங்கியில் தேர்வுக்குப் போகும் மாணவர்கள் சட்டையில் பூ குத்தியிருப்பார்கள். முதல் தேர்வுக்கு வெள்ளைக் கார்னேஷன், நடுவில் இளஞ்சிவப்பு, கடைசித் தேர்வுக்குச் சிவப்பு. சனிக்கிழமைகளில் பட்டமளிப்பு நடந்தால் ஷெல்டோனியன் அரங்குக்குள் போக முடியாது. நேரத்தைப் பொறுத்தவரை, பல கல்லூரிகள் மதியத்துக்குப் பிறகுதான் பார்வையாளருக்குத் திறக்கும். கிறைஸ்ட் சர்ச் கூடமோ மாணவர் சாப்பாட்டுக்காக மதியம் மூடிக்கொள்ளும். காலை பத்து மணிச் சுற்று வாங்கிவிட்டு "எல்லாம் மூடியிருக்கிறதே" என்று குறைபடுவதில் பொருளில்லை.

திறப்பு நேரம் இணையத்தில் போட்டிருந்தாலும் திருமணம், இறுதிச்சடங்கு, மாநாடு என்று எதற்காவது திடீரென்று மூடுவார்கள். அங்கே போர்ட்டர் சொன்னால் சொன்னதுதான். போர்ட்டர் என்றதும் நமக்கு ரயில்வே நிலையம் ஞாபகம் வரும், இவர் வேறு. கல்லூரி வாயிலுக்கும் சாவிக்கும் தபாலுக்கும் பொறுப்பான ஆள், பேராசிரியர்களே அவரிடம் பணிவாகப் பேசுவார்கள். அவரோடு வாதாடி உள்ளே போனவர் இல்லை. மாற்றுக் கல்லூரி ஒன்றை வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பேடிங்டனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். நிலையத்திலிருந்து ஊர் நடுவான கார்ஃபேக்ஸ் சந்திக்குக் கால்மணி நடை. வழிகாட்டிக்கு அடுத்த குழு காத்திருக்கலாம், உங்கள் ரயில் இருபது நிமிடம் தாமதமானால் அந்த இருபது நிமிடம் உங்கள் கணக்கில்தான் கழியும். ஆகவே ஒரு ரயில் முன்னதாக வாருங்கள். கழிப்பறை வேலையை வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் முடித்துவிட்டு நடையைத் தொடங்குவது உத்தமம். இனி நான் சொல்லும் பாதையின் கடைசி ஒரு மணி நேரத்தில் அந்த வசதி சுலபமாகக் கிடைக்காது.

கார்ஃபேக்ஸ் சந்தியில் தொடங்கினால் ஊரின் பழைய பகை முதலில் வந்துவிடும். 1355 பிப்ரவரி 10 அன்று இங்கிருந்த ஸ்விண்டில்ஸ்டாக் மதுக்கடையில், ஒயின் சரியில்லை என்று இரண்டு மாணவர்கள் கடைக்காரரோடு மோதினார்கள். அது ஊர்க்கலவரமாகி 63 மாணவர்களும் ஊரார் சுமார் 30 பேரும் செத்தார்கள். அரசர் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றார், ஊர்த்தலைவர்கள் ஆண்டுதோறும் தண்டம் கட்டிப் பிராயச்சித்தம் செய்யவேண்டி வந்தது. அது 1825 வரை நடந்தது. கல்லூரிகளுக்கு ஏன் கோட்டைச் சுவரும் சிறு கதவும் என்ற கேள்விக்கு இந்தச் சந்திதான் பாதிப் பதில்.

ஹை ஸ்ட்ரீட்டில் ஐந்து நிமிடம் நடந்தால் செயின்ட் மேரி தேவாலயம். கோபுரத்துக்கு 127 படி, ஒடுக்கமான சுழல் படிக்கட்டு. மேலே நடைபாதையும் ஒற்றை ஆள் அகலம்தான். முழங்கால் வலி, தலைசுற்றல் உள்ளவர்கள் கீழேயே இருக்கட்டும். ஏறுபவர்கள் சுற்று முடிந்தபின் தனியாக ஏறலாம், வரிசையில் நிற்கும் நேரத்துக்கு வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பானேன். தேவாலயத்தின் பின்புறம் ராட்கிளிஃப் சதுக்கம், நடுவில் ராட்கிளிஃப் கேமரா என்ற வட்டக் கட்டடம். அதன் பெயரிலுள்ள 'கேமரா' லத்தீனில் அறை என்று பொருள்படும், படம்பிடிக்கும் கருவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1737 முதல் 1749 வரை கட்டியது. இன்று நூலக வாசிப்பறை. தரை முழுக்க உருளைக்கல், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் இங்கே படாதபாடு படும்.

அடுத்து பாட்லியன் நூலகம், 1602-ல் தாமஸ் பாட்லி திறந்தது. முற்றத்துக்குள் இலவசமாகப் போகலாம், கதவுகளுக்கு மேல் பழைய பாடப்பிரிவுகளின் லத்தீன் பெயர்கள் எழுதியிருக்கும். உள்ளே பழைய வாசிப்பறைகளைக் காட்டுவது நூலகத்தின் சொந்த வழிகாட்டிகள்தான், உங்கள் ஆள் வாசலோடு நின்றுவிடுவார். அதற்கான சீட்டு தனி, சிறு குழந்தைகளை விடமாட்டார்கள். தனிச் சுற்றுக்கு நடுவில் இதைச் செருகினால் இரண்டும் கெடும். வேறு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்குள் தீயைக் கொண்டுவரமாட்டேன், மூட்டமாட்டேன் என்று புது வாசகர்கள் இன்றும் உறுதிமொழி எடுக்கிறார்கள். குளிரடிக்கும் ஊரில் ஓலைச்சுவடி போன்ற செல்வத்தை வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதே.

பெருமூச்சுப் பாலம் என்ற ஹெர்ட்ஃபோர்டு பாலத்துக்கு ஒரு படம் எடுக்கும் நேரம் போதும். அதற்கு எதிர்மூலையில் நிமிர்ந்து பாருங்கள், காற்றுத்திசை காட்டியில் ஒரு யானை நிற்கும். அது பழைய இந்தியன் இன்ஸ்டிட்யூட். 1883-ல் அடிக்கல் நாட்டினார்கள், சமஸ்கிருதக் கல்வெட்டும் உண்டு. இந்தியாவுக்கு அதிகாரிகளாக வரவிருந்தவர்களுக்கு நம் மொழிகளைக் கற்பிக்க எழுந்த நிறுவனம். போப் தமிழும் தெலுங்கும் போதித்த காலமும் இதுதான். பல வழிகாட்டிகள் இந்த மூலையை ஒரு வாக்கியத்தில் கடந்துவிடுவார்கள், நீங்கள்தான் நிறுத்திக் கேட்கவேண்டும்.

பிராட் ஸ்ட்ரீட்டில் சாலையின் நடுவே கல் பதித்த சிலுவை ஒன்று இருக்கிறது. லாட்டிமர், ரிட்லி என்ற இரு புராட்டஸ்டண்டு ஆயர்களை 1555 அக்டோபரிலும், பேராயர் கிரான்மரை 1556 மார்ச்சிலும் எரித்த இடம். அதன் எதிரே பேலியல் கல்லூரி. கட்டணம் கட்டி ஒரே ஒரு கல்லூரிக்குள் போவதென்றால் தமிழருக்கு இதைத்தான் சொல்வேன், கிறைஸ்ட் சர்ச்சை அல்ல. போப் இங்கே மதகுருவாக இருந்தார். திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் ஒரு காட்சி எழுதியிருக்கிறார். ஒரு மாலை கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவட்டோடு நடக்கையில் பேச்சு மாணிக்கவாசகரிடம் வருகிறது. அதை மொழிபெயர்க்க எனக்கு ஆயுள் போதாது என்கிறார் போப். நிலவு வெள்ளை முடியில் விழ ஜோவட் திரும்பி, தோளில் கைவைத்து, பெரிய வேலையைக் கையில் வைத்திருப்பதே நீண்டநாள் வாழும் வழி, முடிக்கும்வரை இருப்பீர் என்கிறார். ஜோவட் 1893-ல் போய்விட்டார். புத்தகம் 1900-ல், போப்புக்கு எண்பது நிறைந்தபோது வந்தது. இந்த முற்றத்தில் அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்க ஒருவர் தயாராக வந்தால் வழிகாட்டியே வாயடைத்துக் கேட்பார், அவருக்கும் புதிதாக இருக்கும்.

வெளியே வந்தால் எரிக்கப்பட்ட அந்த மூவருக்கான தியாகிகள் நினைவுச்சின்னம், பக்கத்துத் தெருவில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். அங்கே திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலையைத் தேடிப் போனவர்கள் உண்டு. 1967-ல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. அதே சிலை தமிழ்நாட்டுக் கோயிலில் இருப்பதைக் காட்டும் 1957-ஆம் ஆண்டுப் படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் கிடைத்தது. திருப்பித் தரும் கோரிக்கையை 2024 மார்ச்சில் பல்கலைக்கழக மன்றம் ஆதரித்தது. இங்கே நின்று அந்தக் கதையைப் பேசலாம், உள்ளே போனால் அரைநாள் போய்விடும்.

செயின்ட் ஜைல்ஸ் அகலத் தெருவில் வடக்கே நடந்து, லிட்டில் கிளாரண்டன் தெருவில் இடப்பக்கம் திரும்பினால் வால்டன் ஸ்ட்ரீட். அங்குள்ள பெரிய கட்டடம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம், 1830 முதல் அங்கே இருக்கிறது. போப்பின் திருவாசகத்தை வெளியிட்டது இதன் கிளாரண்டன் பிரஸ்தான். எதிர்ப்புறம் சற்று வடக்கே, தூண்கள் வைத்த பழைய தேவாலயக் கட்டடத்துக்கு அடுத்த சந்துதான் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்கு வழி. கார்ஃபேக்ஸிலிருந்து இதுவரை சுமார் 2 கிலோமீட்டர்.

இருட்டும்போது கேட்டைப் பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், பிற்பகல் இரண்டு மணிச் சுற்று என்றால் பாதையைத் தலைகீழாக்கி இங்கிருந்தே தொடங்குங்கள். புல் உயரமாக, ஈரமாக இருக்கும், தரை மேடுபள்ளம். மூடிய காலணி அவசியம். வழிகாட்டி ஒருபோதும் இங்கே வராதவராகவும் இருக்கலாம், கல்லறை எந்த வரிசையில் என்று முன்னாலேயே பார்த்து வைக்கச் சொல்லுங்கள். அத்தனை கல்லில் பெயர் தேடுவது குளிரில் சுகமான வேலையல்ல.

'நான் ஒரு தமிழ் மாணவன்' என்று கல்லில் எழுதியிருப்பதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுவந்தவர்கள் இங்கே ஒரு கணம் திகைப்பார்கள். அந்த வரி கல்லில் இல்லை. பெயர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழ் தெலுங்கு விரிவுரையாளர், பேலியல் மதகுரு, பிறப்பு 1820 ஏப்ரல் 24, இறப்பு 1908 பிப்ரவரி 11. அதற்குக் கீழே, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்ததாக இருக்கிறது. ஜோவட்டின் கல்லறையும் இதே தோட்டத்தில்தான், அதையும் கேட்டுப் பாருங்கள்.