மூளைப் பயிற்சி: தையில் தொடங்கி ஆடி வரை

தை

கைபேசியில் ‘டூயல் என்-பேக்’ என்ற விளையாட்டோடு ஆரம்பித்தேன். ஒன்பது கட்டங்களில் ஏதோ ஒன்றில் நீலச் சதுரம் மின்னி மறையும். அதே நொடியில் ஓர் எழுத்து காதில் விழும். இரண்டு தடவைக்கு முன்னால் வந்த இடமோ எழுத்தோ இப்போது திரும்ப வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். தேறினால் மூன்று, பிறகு நான்கு என்று படி ஏறும். இதைப் பழகியவர்களுக்குப் பொது அறிவுத்திறனே கூடுகிறது என்று 2008-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரைதான் இந்த விளையாட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பின்னால், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவையும் வைத்துக் கவனமாகச் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் இறங்கினேன். வங்கியில் காலமெல்லாம் கணக்குப் பார்த்தவளுக்கு எதையும் தன் கையால் ஒரு முறை சரிபார்த்தால்தான் தூக்கம் வரும்.

மாசி

மூன்றாம் படி கைக்கு வந்துவிட்டது. நான்காம் படி கண்ணைக் கட்டுகிறது. காய்கறிக் கடைக்குப் போனால் மட்டும் வாங்க வேண்டிய ஏழில் இரண்டு வழக்கம்போல விட்டுப்போகின்றன.

பிரிட்டனில் பிபிசியோடு சேர்ந்து 11,430 பேரை வைத்து ஆறு வாரம் நடத்திய சோதனையின் முடிவு 2010-இல் வந்தது. பழகிய விளையாட்டில் எல்லாரும் முன்னேறினார்கள். பழகாத வேலைக்கு அது கைகொடுக்கவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது, 1980-இல் வெளியான ஓர் அமெரிக்க மாணவரின் கதை. அவரிடம் நொடிக்கு ஓர் எண் வீதம் சொல்லிக்கொண்டே போனால், எல்லாரையும் போல ஏழெட்டு எண்களைத் திருப்பிச் சொல்வார். 20 மாதம் பழகியபின் 79 எண்கள் வரை சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். வரும் எண்களை ஓட்ட நேரங்களாகக் கோத்து வைத்துக்கொள்வார். எண்களுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளைச் சொன்னபோது மறுபடி ஆறுக்கு வந்துவிட்டார்! நினைவு என்ற ஒரே தசை எங்கும் இல்லை. எதைப் பழகுகிறோமோ அதுதான் வரும் என்றால், எனக்கு வேண்டியதையே பழகிவிட்டுப் போகிறேன். விளையாட்டை அன்றே நீக்கினேன்.

பங்குனி

எனக்கு வேண்டியது திருக்குறளின் 133 அதிகாரங்களும் வரிசையாக. இதற்கு எடுத்தது ‘நினைவு மாளிகை’ முறை: நன்கு தெரிந்த பாதையில் இடத்துக்கு ஒன்றாகப் பொருள்களை மனத்தில் வைத்துவிட்டு, அதே பாதையில் நடந்து திரும்ப எடுப்பது. 2017-இல் வந்த ஓர் ஆய்வில், தினம் அரை மணி நேரமாக 40 நாள் இதைப் பழகியவர்கள், 72 சொற்களில் சராசரியாக 26 நினைவில் வைத்த நிலையிலிருந்து 62 வரை போனார்கள். நாலு மாதம் கழித்தும் அந்தப் பலனில் பெரும்பகுதி மிச்சமிருந்தது.

மதுரைக்காரிக்கு மாளிகை தேட வேண்டுமா? மீனாட்சி கோயிலுக்குள் அறத்துப்பால் 38. சித்திரை வீதி, ஆவணி மூல வீதிகளில் பொருட்பால் 70. மாசி வீதியில் காமத்துப்பால் 25. அஷ்டசக்தி மண்டபத்தில் கடவுள் வாழ்த்தில் தொடங்கி நடக்கிறேன்.

அருவமான சொற்களை உருவமாக்குவதுதான் பாடு. அழுக்காறாமையும் வெஃகாமையும் எப்போதும் குழம்பும். முக்குறுணி விநாயகருக்குச் சதுர்த்தியன்று படைக்கும் பெரிய கொழுக்கட்டையை அடுத்த வீட்டுக்காரி தூக்கிப் போக, அதைப் பார்த்து வயிறெரியாமல் நிற்கிறாள் ஒருத்தி: அழுக்காறாமை. நாலடி தள்ளிக் கம்பத்தடி மண்டபத்தில், காளிமேல் எறிய ஒருவர் வைத்திருக்கும் வெண்ணெய் உருண்டையை நோக்கி நீண்ட கை பின்னுக்குப் போகிறது: வெஃகாமை. இப்போது குழம்புவதில்லை.

கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை இருப்பது நல்லதாகப் போயிற்று. எடுத்துப் பார்க்கும் சபலம் இல்லை. பொற்றாமரைக் குளத்துச் சுவரில் குறள்கள் பளிங்கில் பொறித்திருப்பதுதான் இடைஞ்சல். அந்த இடத்தில் தரையைப் பார்த்து நடக்கிறேன். பார்த்துப் படிப்பதைவிடப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதுதான் நாள்பட நிற்கும் என்பது 2006-இலேயே சோதித்துக் காட்டப்பட்ட விஷயம்.

சித்திரை

திருவிழாக் கூட்டத்தில் பயிற்சி நடக்கவில்லை. விடியற்காலை நடை மட்டும் நிற்கவில்லை. முதியவர்கள் 120 பேரை வைத்து 2011-இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் என ஒரு வருடம் வேகநடை நடந்தவர்களுக்கு, மூளையில் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி இரண்டு சதவீதம் பெருத்திருந்தது. எந்த விளையாட்டையும்விட இதை நம்புகிறேன்.

வீட்டுக்காரருக்குக் காது பரிசோதனை செய்தோம். பெயர்களை மறக்கிறார் என்று நினைத்திருந்தோம். பாதிப் பெயர்கள் காதிலேயே விழுந்திருக்கவில்லை. மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுபவை, ஆனால் சரிசெய்யக்கூடியவை என்று ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் சொன்ன 14 காரணிகளில் கேட்புக் குறையும் ஒன்று.

வைகாசி

பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். ஒரே நேரத்தில் பலவற்றில் கவனம் வைக்கும் கலையான கவனகத்தை ஆடிப் பார்த்தோம். செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்தவர், நூறு பக்கம் கவனம் வைத்தவர். நமக்கு இரண்டு போதும். நான் அதிகாரங்களைச் சொல்லிக்கொண்டிருக்க, அவள் என் முதுகில் புளியங்கொட்டைகளை எறிவாள். நடுவே ஒரு குறள் எண்ணைக் கேட்பாள். அதிகாரம் சொல்ல வேண்டும். “391?” “நாற்பது, கல்வி.” கடைசியில் விழுந்த கொட்டைகளின் கணக்கு.

பதினாறு என்றேன். “பதினேழு, அப்பத்தா. இரண்டைச் சேர்த்துப் போட்டேன், நீ ஒன்றாக எண்ணிவிட்டாய்” என்றாள். சாமர்த்தியக்காரி. இரட்டையாக விழுவதை முதுகு உணரும் அளவுக்கு மறு வாரம் தேறினேன்.

ஆடி

65 வயதைக் கடந்த 2,832 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ‘ஆக்டிவ்’ சோதனையைத் திரும்பப் படித்தேன். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது தர்க்கப் பயிற்சியும் பார்வை வேகப் பயிற்சியும் பெற்றவர்களிடம் பலன் மிச்சமிருந்தது. நினைவுப் பயிற்சி பெற்றவர்களிடம் இல்லை. என் கட்சிக்கு இது பாதகம்தான். ஆனாலும் அவர்கள் பழகியது சில வாரங்கள். நான் விடுவதாக இல்லை. வேகப் பயிற்சியையும் வாரத்தில் இரண்டு நாள் சேர்த்துக்கொண்டேன். திரை நடுவில் மின்னும் வண்டி எது, ஓரத்தில் மின்னியது எங்கே என்று ஒரே பார்வையில் சொல்ல வேண்டும். சுவாரசியமே இல்லாத வேலை.

காய்கறிப் பட்டியலுக்கு அடுப்படி அலமாரிகளே மாளிகை. இப்போது ஏழும் வந்துவிடுகின்றன.

குறளில் வடக்குச் சித்திரை வீதி வரை வந்தாயிற்று. அங்கே சிக்கல்: வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை மூன்றும் மொட்டைக் கோபுரத்தடியில் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூன்றாவதற்கு, பிட்டுக்கு மண் சுமக்க வந்து கூடையைத் தலைக்கு வைத்துத் தூங்கும் சிவனைப் படுக்க வைத்திருக்கிறேன். வேலை செய்யும் வகைக்கு அவர் பொருத்தமான ஆள் இல்லைதான்; அதனாலேயே மறக்காது என்று நினைக்கிறேன்.