ஐந்தாவது சனிக்கிழமைக்குப் பணம் இல்லை

மாதச் செலவுக்கான பணத்தை ரொக்கமாக எடுத்து, செலவுக்கு ஒரு கவர் என்று பிரித்து வைப்பதுதான் கவர் முறை. அதில் முதல் மாதமே எங்கள் மளிகைக் கவர் காலியானது. மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் பாக்கி. யார் கையும் நீளவில்லை, போட்ட கணக்குதான் தப்பு. மாத ஒதுக்கீட்டை நான்கால் வகுத்துப் பிரித்திருந்தோம். நான்கு வாரம் என்பது வெறும் 28 நாள். சனிக்கிழமைதோறும் வாங்குகிற வீட்டுக்கு வருடத்தில் நான்கு மாதமாவது ஐந்து சனிக்கிழமை வரும்.

மாதத் தொகையை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுப்பதுதான் சரி. 5,200 ஒதுக்கினால் வாரத்துக்கு 1,300 அல்ல, 1,200. நான்கு வார மாதத்தில் மிஞ்சும் 400-ஐ ‘ஐந்தாம் வாரம்’ என்று எழுதிய தனிக் கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள். ஐந்து வார மாதத்தில் 800 துண்டு விழும். இரண்டு மாத மிச்சம் அதற்குச் சரியாகப் போகும். அதனால் காலண்டரைப் பார்த்து, நான்கு வார மாதங்கள் இரண்டு அடுத்தடுத்து வரும் இடத்தில் தொடங்குங்கள். இல்லையென்றால் முதல் ஐந்து வார மாதத்திலேயே கையைக் கடிக்கும்.

வாடகை, கடன் தவணை, மின் கட்டணம் எல்லாம் வங்கிக் கணக்கிலிருந்தே போகட்டும். அவற்றுக்குக் கவர் வேண்டாம்.

ஏடிஎம்மில் எடுத்ததும் ஒரு வீண் அலைச்சல். வந்ததெல்லாம் பெரிய நோட்டு, ஒரே நோட்டை மூன்று கவருக்கு எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு கவருக்கும் எந்த நோட்டு எத்தனை என்று முதலில் எழுதிக் கூட்டி, அந்தச் சீட்டோடு வங்கி கவுன்டருக்குப் போனால் ஒரே நடையில் வேலை முடியும்.

பணம் ஒழுகும் பெரிய ஓட்டை கார்டும் ஃபோனும்தான். ஃபோனில் கட்டினால் கவரில் பணம் அப்படியே இருக்கும். இருக்கிறதே என்று அதையும் செலவழித்தால் ஒரே தொகை இரண்டு முறை போய்விடும். ஃபோனில் கட்டிய அன்றே அந்தத் தொகையைக் கவரிலிருந்து எடுத்து ‘வங்கிக்கு’ என்ற கவரில் போடுங்கள். அடுத்த மாதம் அவ்வளவு குறைத்துப் பணம் எடுத்தால் போதும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்தே போகும், அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு கவரில் இருவர் கை வைத்தால் மிச்சம் எவ்வளவு என்று இருவருக்குமே தெரியாது. அதே பெயரில் இரண்டு கவர் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது. கவரின் முதுகில் தேதி, செலவு, மிச்சம் என்று மூன்று கட்டம். மீதிச் சில்லறை அதே கவருக்குத்தான் திரும்ப வேண்டும், சட்டைப் பைக்குப் போகக் கூடாது. ஒரு கவரிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்று வாங்கினால், எடுத்த கவருக்குள் தொகை எழுதிய துண்டுச் சீட்டு போடுங்கள். ஒரே கவர் இரண்டு மாதம் தொடர்ந்து கைமாற்று வாங்கினால் அந்த ஒதுக்கீடே போதவில்லை என்று பொருள். அதை உயர்த்தி, வேறொன்றைக் குறைத்தே ஆக வேண்டும்.

காப்பீட்டுப் பிரீமியம் போல வருடத்துக்கு ஒரு முறை வருவதை 12-ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்குவார்கள். முதல் வருடம் அது பொருந்தாது. கட்ட இன்னும் 5 மாதம்தான் இருக்கிறதென்றால் 5-ஆல் வகுங்கள். அந்தப் பணம் வீட்டில் கிடக்க வேண்டாம், தனிச் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும்.

‘உதிரி’ கவரைச் சின்னதாக வையுங்கள். ஒரே செலவு மூன்று முறை அதிலிருந்து போனால், அடுத்த மாதம் அதற்கென்று தனிக் கவர் போட்டுவிடுங்கள்.