முதலில் பம்பின் சத்தம்

பழைய இன்ஜெக்ஷன் கார் கிளம்பவில்லை என்றதும் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பிளக்கைக் கழற்றும் வழக்கம் நம் ஊரில் எப்போதுதான் ஒழியுமோ!

அக்னி நட்சத்திர வெயிலில் திருமங்கலம் போகிற வழியில் என் ஜெர்மன் கார் படுத்துக்கொண்டது. கே-ஜெட்ரானிக் வகை, அதாவது இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும், 1973இல் அறிமுகமான இயந்திர முறை. கணினி கிடையாது, ஸ்கேனர் செருகவும் இடம் கிடையாது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிளக்கில் பொறி வருகிறது. பெட்ரோல் வாசனைதான் இல்லை.

“பெட்ரோல் பம்ப் போய்விட்டது அண்ணே, மாற்றிவிடலாம்” என்றார் உதவிக்கு வந்த மெக்கானிக் தம்பி. பம்பின் விலை அவருக்கென்ன தெரியும்!

பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைப் பிடுங்கி, அது செருகியிருந்த இடத்தில் 30, 87 என்று எண் போட்ட முனைகளை ஃபியூஸ் வைத்த கம்பியால் ஒரு நிமிடம் இணைத்தோம். பின்பக்கம் அடியிலிருந்து பம்ப் ரீங்கரித்தது. ஆக, பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது; சந்தேகம் ரிலே மேல். ரிலேயின் மூடியைத் திறந்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால், ஒரு உலோகக் காலைச் சுற்றியுள்ள ஈயப் பற்றில் மயிரிழை விரிசல். சூடேறினால் விலகும், ஆறினால் ஒட்டும். காலையில் சமர்த்தாகக் கிளம்பிய மர்மமும் விளங்கிவிட்டது. பக்கத்து மிக்சி ரிப்பேர் கடையில் பற்றவைத்ததும் ஒரே சாவியில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பம்ப் ஓடியும் கிளம்பாவிட்டால் பெட்ரோல் குழாயில் அழுத்தமானியை மாட்டுங்கள். இந்த வகைக் காரில் சுமார் 5 பார் அழுத்தம் காட்ட வேண்டும். குறைந்தால் முதலில் பெட்ரோல் ஃபில்டரைப் பாருங்கள்.